இரண்டு நாள் வைத்த தண்ணீர்

யுத்த காலத்தில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தவளையை அறுத்துக் காட்டுவது, ஸ்பிரிட் ஜாடிகளுக்கு லேபிள் எழுதி ஒட்டுவது, மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்துப் பெட்டியில் பூட்டி வைப்பது, இவைதான் என் வேலை. குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். சாயங்காலம் வீடு திரும்பினால் கொல்லை வழியாகப் போய்க் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே வர முடியும். தவளை நாற்றம் போகவில்லை என்று பட்டால் என் மனைவி இன்னும் இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளச் சொல்லுவாள்.

பாடம் நடத்துவதெல்லாம் புரொபசர். என்னை யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டது கிடையாது. பின்னால் நடந்ததற்கு இது ஒரு சமாதானம் ஆகாது. ஆனாலும், ஒருவர் தேடி வந்து "இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படித் தேடி வந்தவர் கல்லூரிக்குக் கண்ணாடிச் சாமான் கொடுத்துவந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. பெரிய கடை வீதியில் கடை. அரிக்கேன் சிம்னி, ஊறுகாய் ஜாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எங்களுக்கு வேண்டிய சோதனைக் குழாய் எல்லாம் அவரிடம் கிடைக்கும். அறுபது வயதிருக்கும். அதட்டிப் பேசத் தெரியாதவர். அவருக்கு ஒரே மகன். மகனுக்குப் பினாங்கில் ஜவுளி வியாபாரம். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது, வரப்போகிற மனைவிக்கு என்று ஏழு தங்கமீன்களை வாயகன்ற ஜாடி ஒன்றில் போட்டு, நாகப்பட்டினம் வரைக்கும் கப்பலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். கல்யாணம் முடிந்து நாலு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான். அதோடு கடிதம் நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே இங்கே யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, ஓர் ஆடி மாதம், பெரியவர் பில்லில் கையெழுத்து வாங்கக் கல்லூரிக்கு வந்தார். கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"சாமி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மீனுக்கு சீக்கு வந்தா வைத்தியம் உண்டா?"

"என்ன மீன்?"

"தங்கமீன். மவன் கொண்டாந்தது. பத்து நாளா ஒரு மாதிரியா இருக்குது. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்னு பட்டுது."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். தங்கமீனை அதுவரைக்கும் நான் புத்தகத்துப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே, கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. பெட்ரோல் பஞ்சத்தால் கரி கேஸில் ஓடிய பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து போனேன். நான் வருவது தெரிந்து பெண்கள் உள்ளே போயிருந்தார்கள். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த தொட்டி இருந்தது. பெரியவரே தன் கடைக் கண்ணாடியை வெட்டி, இடுக்குகளை மக்கு வைத்து அடைத்துச் செய்தது. அடுக்களைக்குப் போகும் வாசலில் பச்சைத் திரை தொங்கியது.

ஏழில் மூன்று மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மற்றவை துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தன. இரட்டை வால் உள்ள ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்துச் செவுள் மூடியை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளிறி, அதன் மேல் கோழை படிந்திருந்தது. உடம்பிலிருந்து கொஞ்சம் கோழையை வழித்து ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டேன். தொட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ ஊறிக் கிடந்தது.

"தீனி யார் போடறாங்க?" என்றேன்.

"மருமவதான்" என்றார் பெரியவர்.

"என்ன போடறாங்க?"

பெரியவர் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது. "அவிச்ச முட்டையில மஞ்சக்கரு கொஞ்சூண்டு. ஒரொரு நாளு இடியாப்பத்தை உதிர்த்துப் போடுவேன். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் அசர் தொழுதுட்டு ஒருவாட்டி. அவ்வளவுதாங்க."

மறுநாள் கல்லூரியில் அந்தக் கோழையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். புழுவோ பூஞ்சையோ, நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். ஆனால் சாயங்காலம் பெரியவர் கடைக்குப் போனபோது, அவர் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அதிகத் தீனி" என்றேன். "மிச்சம் அடியில தங்கி அழுகறது. தண்ணி கெட்டுப் போச்சு. அதுதான் சீக்கு."

சொல்லிவிட்டு வைத்தியமும் சொன்னேன். இனிமேல் இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் தீனி, அதையும் பெரியவரே போட வேண்டும். வேறு யாரும் தொட்டியைத் தொடக் கூடாது. சனிக்கிழமைதோறும் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்ப்பேன். தொட்டியைத் தாழ்வாரத்திலிருந்து வாசல் கூடத்துக்கு மாற்றிவிட்டால் ஜன்னல் வெளிச்சம் கிடைக்கும், எனக்கும் வந்து பார்க்கச் சௌகரியம்.

வாசல் கூடம் ஆண்கள் வந்து உட்காரும் இடம். அந்தப் பெண் அங்கே பகலில் வர முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அந்த வருஷம் காவிரியில் புதுவெள்ளம் வந்ததோடு காலரா பயமும் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் சுகாதார இலாகா ஆள் சந்து சந்தாகப் போய், கிணறுகளில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போவார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் கிணற்றிலும் ஊற்றினார்கள். அந்த வாசனை பிடிக்காமல் என் மனைவி தளிகை பண்ண ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று என்னைக் குடத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இரட்டை வால் மீன் செத்திருந்தது. பெரியவர் அதை ஒரு வாழை இலைத் துண்டில் வைத்திருந்தார். "இது முந்தியே முத்திப்போன கேஸ்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மீன்கள் மறுபடியும் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யோசிக்கிற மாதிரி இருந்தேன். கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவில் இருந்த கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"மாமா, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லும்மா" என்றார் பெரியவர்.

"தண்ணி மாத்தின அன்னிக்குத்தான் எல்லாம் மேல வந்து மூச்சு வாங்குது. செவ்வா, புதன்ல சரியாயிடுது. திரும்பச் சனிக்கிழமை வந்தா இப்படித்தான். மூணு வாரமாப் பாக்குறேன்."

குரல் கொஞ்சம் தைரியம் பெற்று மேலே சொன்னது.

"போன வாரம் ஒண்ணு ரொம்ப முடியாமக் கிடந்துச்சு. அதை மட்டும் எடுத்து எனாமல் பேசன்ல விட்டேன். அடுக்களைப் பானையில ரெண்டு நாளைக்கு முன்னாடி பிடிச்சு வச்ச தண்ணி. அன்னிக்கு ராவே தெளிஞ்சிருச்சு. இப்ப நல்லா இருக்குது. பவுடர் ஊத்துறாங்களே, அதுல ஏதாவது இருக்குமோன்னு…"

ஒரு வளைக்கரம் கதவிடுக்கு வழியாகப் பேசனைத் தரையில் தள்ளிவைத்தது. குனிந்து பார்த்தேன். மீன் துடுப்பை விரித்துக்கொண்டு வட்டம் போட்டது. செவுள் நன்றாக மூடித் திறந்தது. நோயே இல்லாத மீன்.

உள்ளேயிருந்து இன்னொரு குரல், பெரியவருடைய மனைவியின் குரல், சட்டென்று கேட்டது. "தொட்டிகிட்டப் போகாதேன்னு அவங்க சொல்லியும் போனியா நீ? எப்பப் போன?"

"மாமா விடியக்காலை சுபுஹு தொழப் போயிருந்தப்போ, மாமி. கூடத்துல யாரும் இல்ல."

எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். அவள் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது. தோன்றாமல் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் மூன்று வாரம் பார்த்துக் கண்டுபிடித்ததை, இருபது வயதில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கிய நான் கவனிக்கவில்லை என்று அத்தனை பேருக்கும் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒரு மீனை வச்சு ஒண்ணும் தீர்மானம் பண்ண முடியாது" என்றேன். "தனியா இருக்கறதால தீனிப் போட்டி இல்ல, அதனால தெளிஞ்சிருக்கு. இப்படி ஆளுக்கு ஒண்ணு பண்ணினா நான் எதை வச்சுச் சொல்றது? அதையும் தொட்டியிலேயே விட்டுடுங்க."

பெரியவர் பேசனை எடுத்து, என் கண்ணெதிரிலேயே அந்த மீனைத் தொட்டியில் கவிழ்த்தார். முந்தின நாள் ஊற்றிய புதுத் தண்ணீர். மீன் ஒரு தடவை சுற்றிவந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மீனும் இன்னொன்றும் செத்துப் போயிருந்தன. நாலுதான் மிச்சம். உள்ளே பெரியவருடைய மனைவி பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசியதல்ல, ஆனால் கேட்டது.

"புருஷன் மடியில வச்சுக் கொண்டாந்து கொடுத்தது. நீ தொட்டது தங்கலியே! உன் கைராசி அப்படி. அங்க அவன் என்ன கதியில இருக்கானோ, யா அல்லா."

நான் தொட்டியின் மேல் குனிந்துகொண்டேன். 'அவங்க கையில தப்பில்லை, நான் சொன்னதுதான் தப்பு' என்று சொல்ல ஏழெட்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. புறப்படும்போது மட்டும் பெரியவரிடம் இரண்டு பாட்டில் தண்ணீர் கேட்டேன். ஒன்று கிணற்றிலிருந்து, இன்னொன்று அடுக்களைப் பானையில் இரண்டு நாளாக இருப்பது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த ரசாயனப் பிரிவுக்குப் போனேன். இரண்டு தண்ணீரையும் தனித்தனிக் குழாயில் ஊற்றி, பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் ஸ்டார்ச் கஞ்சியும் விட்டேன். கிணற்றுத் தண்ணீர் நீலமாக மாறியது. பானைத் தண்ணீர் அப்படியே இருந்தது.

அங்கே இருந்த டெமான்ஸ்ட்ரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பவுடர் போட்ட கிணறா? குளோரின் சார். ரெண்டு நாள் திறந்து வச்சா தானாப் போயிடும். அவசரம்னா போட்டோக்காரங்க படம் கழுவுற ஹைப்போ ஒரு சிட்டிகை போடுங்க" என்றார். அவருக்கு அது அவ்வளவு சாதாரண விஷயம். நான் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். மீன்களுக்கு நோயே இல்லை. பவுடர் விழ ஆரம்பித்த நாளிலிருந்து தொட்டியில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர்தான் முதலில் அவற்றை வாட்டியிருக்கிறது. வாரம் தவறாமல் தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொல்லி, அதுவும் பவுடர் விழுந்த அதே நாளில் மாற்றச் சொல்லி, நான்தான் அவற்றின் செவுளை வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே ஓடினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே போனேன். கூட்டிய வார்த்தைகளில் அந்தப் பெண் சொன்னதும் இருந்தது. வாசலில் பெரியவரைப் பார்த்ததும், "லாபில சோதிச்சுப் பார்த்தேன். தண்ணியில குளோரின் இருக்கு, அதுதான் காரணம்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மருமவகூட அன்னிக்குத் தண்ணி, பவுடர்னு ஏதோ சொல்லிச்சுல்ல சாமி?" என்றார்.

உண்மையைச் சொல்ல அவரே கதவைத் திறந்துவிட்டார். நான் நுழைந்திருக்க வேண்டும்.

"அவங்க சொன்னது குத்துமதிப்பாச் சொன்னது" என்றேன். "இது சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சது."

"அதானே" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சரியாகவே செய்தேன். தண்ணீரை அகலமான அண்டாக்களில் பிடித்து இரண்டு நாள் வெயிலில் வைக்கச் சொன்னேன். ஒரே நேரத்தில் முழுத் தண்ணீரையும் மாற்றாமல், மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றினோம். அடியில் தங்கும் அழுக்கை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விடக் கற்றுக்கொடுத்தேன். காவிரி மணலைக் கழுவிக் கழுவி, கலங்கல் போன பிறகு தொட்டியில் பரப்பினேன். ஸ்ரீரங்கத்து வாய்க்கால் ஒன்றிலிருந்து வேலம்பாசி பறித்து, ஈர வாழைப்பட்டையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோய் மணலில் ஊன்றினேன். ஒரு மாதத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆயிற்று. நாலு மீன்களும் பாசிக்கு நடுவில் புகுந்து புகுந்து விளையாடின.

கடை வீதியில் எனக்கு மீன் டாக்டர் என்று பெயர் வந்தது. பெரியவர் தொட்டியம் ஊரிலிருந்து வந்த பூவன் வாழைத்தார் ஒன்றை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். கல்லூரியில் புரொபசர் காதுக்கும் விஷயம் எட்டி, மாணவர்களுடைய விஞ்ஞானச் சங்கத்தில் இதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார். கண்டுபிடித்த விதத்தைப் படிப்படியாகச் சொன்னேன். தண்ணீர் மாற்றிய நாளில் நோய் வருவதையும் மூன்றாம் நாள் தெளிவதையும் கவனித்ததாகச் சொன்னேன். ஒரு மீனைத் தனியாகப் பழைய தண்ணீரில் விட்டுப் பார்த்ததாகவும் சொன்னேன். பார்த்தேன், விட்டேன், கவனித்தேன் என்றெல்லாம் தன்மையில் சொல்லிக்கொண்டு போனேன். கைதட்டினார்கள். புரொபசர் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்றைக்கு வீட்டில் சந்தோஷமாக இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே என் மனைவிக்கு எல்லாவற்றையும் விவரித்தேன். அவளிடம் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலையும் சேர்த்தே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது.

அவள் பரிமாறுவதை நிறுத்தினாள். "அப்போ அந்தப் பொண்ணு சொன்னதைத்தானே நீங்க சொன்னேள்?"

"நான் சோதனை பண்ணினேனே."

"சரி. அவாத்துல அதைச் சொன்னேளா? அவ கையில தப்பில்லேன்னு?"

மோர் போடு என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் திரும்பி வந்து கிணற்றடியில் நிற்கும்போது, "சொன்னேளா?" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். ஐந்தாறு வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வருஷம் போய் வந்துகொண்டிருந்தேன். முதலில் வாரம் ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம். பெரியவர் உரித்த பழம் கொடுத்தால் நான் சாப்பிடமாட்டேன் என்று உரிக்காத பழமாகத் தட்டில் வைப்பார். மீனுக்கு அவரே தீனி போட்டார், நான் சொன்னபடி இரண்டு நாளைக்கு ஒரு தரம். தொட்டி கூடத்திலேயே இருந்தது. உள்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. வளையல் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும். அது கேட்டால் நான் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

யுத்தம் முடிந்தது. முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு நாள் பெரியவர் மூச்சிரைக்கக் கல்லூரிக்கே வந்தார். கையில் ஒரு கடிதம். மகன் உயிரோடு இருக்கிறார். இளைத்துப் போயிருக்கிறார், கடை போய்விட்டது, கப்பல் கிடைத்ததும் வருவார். பெரியவர் அழுதார். சாயங்காலம் அவசியம் வீட்டுக்கு வர வேண்டும் என்றார்.

போனேன். கூடம் நிறைய ஆட்கள். எல்லாருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் எல்லாம் கிளம்பும் வரை உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். ஏன் இன்றைக்கு என்று பிறகுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷத்தில் என்னை யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற கணக்குதான். மன்னிப்பையும் மலிவாகக் கிடைக்கும் நாளாகப் பார்த்து வாங்கப் போனேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரை மாற்றச் சொன்னது தப்பு என்றேன். மூன்று மீன்களும் என்னால் செத்தன, அதிலும் பேசனில் பிழைத்திருந்த மீனை நான்தான் கொன்றேன் என்றேன். காரணத்தைக் கண்டுபிடித்தது உங்கள் மருமகள் என்றேன்.

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நான்தான் அன்னிக்குக் கேட்டேனே சாமி" என்றார். "மருமவகூடத் தண்ணின்னு சொல்லிச்சேன்னு கேட்டேன். அப்பவே சொல்லியிருக்கலாமே. படிச்சவங்க. உங்க வார்த்தையை நம்பி நாங்க வீட்டுல என்னென்னமோ பேசிட்டோம்."

அவர் எழுந்து, உள்கட்டுக் கதவருகே போய், "கேட்டியாம்மா?" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேட்டேன் மாமா."

"ஏதும் சொல்றியா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அவங்களுக்குப் பழம் எடுத்து வச்சீங்களா?"

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே தொட்டியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பிறகு பெரியவர் சொன்னார். நான் அதைப் போய்ப் பார்க்கவில்லை. புரொபசரிடமும் போய் அந்தச் சொற்பொழிவில் நான் சொன்னது முழு உண்மை இல்லை என்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "அதனால என்ன, முடிவு சரிதானே?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நான் ஒரு தடவை அவளைப் பார்த்துட்டு வரேன்" என்றாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் தனியாகக் கடை வீதிக்குப் போனதே கிடையாது. நான் சந்து முனை வரைக்கும் கூடப் போய் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றேன். அவள் மட்டும் உள்ளே போனாள். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்து, காவிரிப் பாலம் தாண்டிய பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

"இருபத்தொரு வயசுதான் ஆறது அவளுக்கு" என்றாள். "நன்னாப் பேசினா. பூ கொடுத்தா. உங்க மேல அவளுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையாம். நான் கேக்காமலே சொன்னா."

"அப்போ சரி" என்றேன்.

"சரியில்லை. கேளுங்கோ. மாமியார் சொன்னது பெரிசில்லையாம், பெரியவா கோபத்துல சொல்றதுதானேன்னு விட்டுட்டாளாம். ஆனா, பானைத் தண்ணியில நன்னாப் பொழச்ச மீன் மறுபடி செத்துப்போனதும், மாமி சொல்றது நிஜமோன்னு இவளுக்கே தோணிடுத்தாம். படிச்சவர், டாக்டர் மாதிரி வந்து பார்க்கறவர், தண்ணியில ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டார். அப்போ தன் கைதான் காரணம்னு நினைச்சுண்டாளாம். அப்புறம் தண்ணியில குளோரின்னு நீங்க வந்து சொன்னப்போவும், அவ சொன்னது வெறும் குத்துமதிப்புன்னுதானே சொன்னேள், அதனால அந்தப் பயம் போகவே இல்லையாம். அதுக்கப்புறம் ஆம்படையான் திரும்பி வரணும்னு அல்லாகிட்ட துஆ கேக்கறதையே நிறுத்திட்டாளாம். தான் கேட்டா அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ரெண்டு வருஷம். தொழுகை முடிஞ்சதும் எல்லாருக்கும் வேண்டிண்டு, அவர் பேரை மட்டும் சொல்லாம எழுந்துடுவாளாம்."

ஜட்கா அம்மாமண்டபம் பக்கம் திரும்பியது. என் மனைவி மடியிலிருந்த பூவைப் பிரித்து, வாடியதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள்.